மலையில் இருந்துகொண்டு நகரத்து நேரடி இசையைத் தொடர்வது எப்படி: சுயாதீன, ஹெவி இசை ரசிகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, உதகை, கூடலூர் பக்கம் வசித்துக்கொண்டு கோவை, சென்னை அல்லது பெங்களூரில் நடக்கும், சொந்தப் பாடல்களை இயற்றி வாசிக்கும் சுயாதீன இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகளுக்குப் போய்வர முடியும். ஆனால் புதியவர்கள் வேலைகளின் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். முதலில் டிக்கெட் வாங்குகிறார்கள், பிறகு வீட்டில் சொல்கிறார்கள், நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த பிறகு பேருந்தைத் தேடுகிறார்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு இதனால் ஓர் ஆட்டோ கட்டணம் கூடுதலாகும், அவ்வளவுதான். மலைக்காரர்களுக்கோ ஒரு முழு இரவு போய்விடும். கீழே உள்ள படிகளின் வரிசை அதை மனதில் வைத்தே அமைக்கப்பட்டுள்ளது.

1. முதலில் சேர்த்துவைக்க வேண்டியவை

பிறந்த தேதி தெளிவாகத் தெரியும் அசல் அடையாள அட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கைப்பேசியில் எடுத்த புகைப்படத்தைப் பல வாயில்களில் ஏற்பதில்லை.

நுரையாலான காதடைப்பான்கள் இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடைகளிலும், தொழிற்கூடப் பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இரண்டாவது ஜோடி உடன் வரும் நண்பருக்கு. அவர் கட்டாயம் கொண்டு வந்திருக்க மாட்டார்.

ஒரு சிறு குறிப்பேடும் தேவை. அதன் பயன் கடைசிப் படியில் விளங்கும்.

2. ஒரே ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று நகரங்களையும் ஒரே நேரத்தில் தொடர முயன்றால் எதுவும் பிடிபடாது. ஒரு நகரத்து இசைச் சூழல் என்பது அங்கே சொந்தப் பாடல் இயற்றும் குழுக்கள், அவர்கள் பயிற்சி செய்யும் ஜாம் அறைகள், ஒலிப் பொறியாளர்கள், நிகழ்ச்சி நடத்துபவர்கள், புகைப்படக்காரர்கள் என்று சில டஜன் பேர் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் வட்டம். அந்த வட்டத்தில் யார் யாருடன் வாசிக்கிறார்கள் என்பது புரிந்தால்தான் எந்த நிகழ்ச்சிக்கு மலை இறங்கலாம் என்று முடிவெடுக்க முடியும்.

கனத்த கிட்டாரும் டிரம்ஸும் முன்னிற்கும் ஹெவி மெட்டல்தான் முதன்மை விருப்பம் என்றால் பெங்களூரைத் தேர்ந்தெடுப்பதே சரி. 1998-இல் தொடங்கிய கிரிப்டோஸ், மெதுவான, கனத்த டூம் இசைக்குப் பெயர்பெற்ற பெவார் சீ, மெட்டலின் கிளை வகைகளான திராஷும் டெத் மெட்டலும் கலந்த இன்னர் சாங்டம் ஆகியவை அந்த நகரத்துக் குழுக்கள். 2012-இல் தொடங்கிய பெங்களூர் ஓப்பன் ஏர் விழாவும் அங்கேதான் வேர்கொண்டது. ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசிக்க இந்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் மெட்டல் பேட்டில் சுற்றுகள் அறிவிக்கப்பட்டால் அவற்றைத் தவறவிடாதீர்கள். ஒரே மாலையில் பல குழுக்களின் குறுகிய செட்டுகளைக் கேட்டுவிடலாம் என்பதால் புதியவர்களுக்கு அதைவிட நல்ல அறிமுகம் இல்லை.

தமிழ்ப் பாடல்களும் பலவகைச் சுயாதீன இசையும் வேண்டும் என்றால் சென்னை. 2018-இல் முதன்முறை மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கராஜ் ராக் வாசிக்கும் ஸ்க்ராட், புரோகிரசிவ் மெட்டல் பக்கம் எஷர்ஸ் நாட் என்று கேட்கத் தொடங்கலாம். 2020-இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழாவையும் இதே வட்டத்தின் பகுதியாகவே நான் பார்க்கிறேன். பறையின் அதிர்வை மேடைக்கு அருகில் நின்று கேட்டவர்களுக்கு ‘ஹெவி’ என்ற சொல்லைக் கிட்டாருக்கு மட்டும் ஒதுக்கிவைக்க மனம் வராது.

கோவை மிக அருகில் இருக்கிறது. ஆனால் அங்கே அறிவிக்கப்படும் ‘லைவ் பேண்ட்’ மாலைகளில் பெரும்பகுதி திரைப்பாடல்களையும் பிறர் பாடல்களையும் வாசிப்பவை. அவற்றில் குறையொன்றும் இல்லை, ஆனால் நீங்கள் தேடுவது அதுவாக இருக்காது. கோவையைப் பயிற்சிக் களமாக வைத்துக்கொண்டு, சென்னை அல்லது பெங்களூரில் ஒன்றை முதன்மை நகரமாக்கிக்கொள்வதே என் பரிந்துரை.

3. போவதற்கு முன் காதைப் பழக்குங்கள்

தெரியாத குழுவை நேரில் கேட்டால் முதல் அரை மணி நேரம் வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும். குறிப்பாக மெட்டலில் குரல் கரகரப்பாகவும் அடித்தொண்டையிலும் வருவதால், பாடல் வரிகளைப் பிடித்துக்கொண்டு கேட்கப் பழகிய நம் காதுக்கு ஊன்றுகோல் இல்லாமல் போகிறது. “இவங்க ஏன் இப்படிக் கத்துறாங்க?” என்ற கேள்வியோடு வெளியே வந்து நிற்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே கேட்கும் வரிசையை மாற்றுங்கள். முதல் முறை டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். இரு கால்களாலும் இடைவிடாமல் அடிக்கும் பாஸ் டிரம்மையும், கை கால் இரண்டும் அதிவேகமாக ஓடும் பிளாஸ்ட் பீட்டையும், டூமில் வரும் நீண்ட இடைவெளியுள்ள அடியையும் பிரித்தறிய முடிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டாம் முறை கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடரான ரிஃபைப் பின்தொடருங்கள். எத்தனை சுற்றுக்குப் பிறகு அது மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். குரலைக் கடைசியில் கேளுங்கள். அப்போது அது இன்னொரு தாள வாத்தியமாகக் கேட்கத் தொடங்கும்.

எங்கே கேட்பது? குழுக்கள் தங்கள் பதிவுகளைத் தாங்களே விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் பல இந்தியச் சுயாதீனக் குழுக்களின் பதிவுகள் முழுமையாகக் கிடைக்கின்றன. மெட்டல் குழுக்களுக்கு என்சைக்ளோப்பீடியா மெட்டாலம் என்ற இணையத் தொகுப்பு உண்டு. நாடு வாரியாகத் தேடலாம், குழு இன்னும் இயங்குகிறதா, கலைந்துவிட்டதா என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். கலைந்த குழுவின் மீது காதல்கொண்டு அதன் அடுத்த நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

4. செய்தி வரும் வழிகளை அமைத்துக்கொள்ளுங்கள்

பெரிய விழாக்களின் செய்தி தானாக வந்து சேரும். நூறு பேர் கூடும் சிறு அரங்க நிகழ்ச்சிகள் அப்படி வராது. அவற்றில் பல இன்ஸ்டாகிராம் ஸ்டோரியாக மட்டுமே வெளிவந்து 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் போய்ப் போய் வரும் நம் ஊர்களில் அந்த ஒரு நாள் எளிதாகக் கைநழுவுகிறது.

அதனால் குழுவின் பக்கத்தை மட்டும் தொடராதீர்கள். அதன் டிரம்மரையும், வழக்கமாக அவர்களுக்கு ஒலியமைக்கும் பொறியாளரையும், படமெடுக்கும் புகைப்படக்காரரையும் சேர்த்துத் தொடருங்கள். நல்ல டிரம்மர்கள் எந்த நகரத்திலும் குறைவு என்பதால் ஒருவரே மூன்று நான்கு குழுக்களில் வாசிப்பார். அவரைத் தொடர்ந்தால் அத்தனை குழுக்களின் செய்தியும் வந்துவிடும். புகைப்படக்காரரின் பக்கத்தில் கடந்த ஓராண்டைப் பின்னோக்கிப் பார்த்தால் எந்த அரங்கில் உண்மையாகவே நிகழ்ச்சிகள் நடக்கின்றன என்பது தெளிவாகும்.

டிக்கெட் தளங்களில் புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட், ஸ்கில்பாக்ஸ் ஆகிய மூன்றிலும் உங்கள் நகரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேடிஎம் இன்சைடரின் டிக்கெட் வணிகத்தை 2024-இல் சொமேட்டோ வாங்கி டிஸ்ட்ரிக்டுக்குக் கொண்டு சென்றதால், பழைய பதிவுகளில் உள்ள இன்சைடர் இணைப்புகளை நம்ப வேண்டாம்.

5. போஸ்டரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு போஸ்டரில் நான்கு செய்திகளைத் தேட வேண்டும்.

முதலாவது, நேரம். அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் கதவு திறக்கும் நேரம். “அண்ணா, ஏழு மணின்னு போட்டிருந்தாங்க, நாங்க ஆறரைக்கே வந்துட்டோம், உள்ளே இன்னும் ஒயர்தான் இழுத்துக்கிட்டிருக்காங்க” என்று கோத்தகிரித் தம்பி ஒருவர் அரங்க வாசலிலிருந்து அழைத்தார். அவர் பார்த்தது, நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட்செக். குழுவுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பி, “எத்தனை மணிக்கு மேடையேறுவீர்கள்?” என்று கேளுங்கள். சுயாதீனக் குழுக்கள் பதில் சொல்வார்கள். தொலைவிலிருந்து வருகிறீர்கள் என்று தெரிந்தால் இன்னும் விரைவாகச் சொல்வார்கள்.

இரண்டாவது, பெயர்களின் வரிசை. பெரிய எழுத்தில் மேலே இருப்பவர்கள் கடைசியில் வாசிப்பார்கள், கீழே சிறிய எழுத்தில் இருப்பவர்கள் முதலில். நீங்கள் கேட்க விரும்பும் குழு கீழே இருந்தால், தாமதமாகப் போவது டிக்கெட்டைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

மூன்றாவது, ‘ட்ரிப்யூட்’ என்ற சொல். ஒரு குழுவின் பாடல்களை வேறொரு குழு வாசிக்கிறது என்று பொருள். உலகப் புகழ்பெற்ற ஒரு குழுவின் பெயர் பெரிதாகவும் இந்தச் சொல் மிகச் சிறிதாகவும் இருக்கும். அந்தக் குழுவே வருகிறது என்று நினைத்து வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான்காவது, வயது வரம்பு. தமிழ்நாட்டில் மதுக்கூட உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் கிளப்புகளுக்குமே தரப்படுவதால், சென்னையில் பல நிகழ்ச்சிகள் விடுதிகளுக்குள் நடக்கின்றன. அங்கும் பெங்களூரின் மதுக்கூட அரங்குகளிலும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள், நீங்கள் தண்ணீர் மட்டுமே குடிப்பவராக இருந்தாலும். சில விடுதிகளில் செருப்பும் அரைக்கால் சட்டையும் கூடாது. பெண்கள் உடன் வராத ஆண்கள் கூட்டத்துக்குத் தனிக் கட்டணமோ மறுப்போ உண்டு. வயது குறைந்தவர்களுக்குக் கலையரங்க நிகழ்ச்சிகளும், ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாரங் போன்ற கல்லூரி விழாக்களுமே வழி. 2009-இல் ஸ்வீடனின் ஓப்பத் குழு அந்த வளாகத்தில்தான் வாசித்தது. கல்லூரி விழாக்களுக்கு வெளியாட்கள் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

6. திரும்பும் வழியை முதலில் எழுதுங்கள்

இந்தப் படியை முடிக்காமல் டிக்கெட் வாங்காதீர்கள். தாளில் முதலில் நிகழ்ச்சி முடியும் நேரத்தை எழுதுங்கள். திறந்தவெளி என்றால் கணக்கு எளிது: 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். ஆகவே பத்து மணி என்று எழுதிக்கொள்ளலாம். மூடிய அரங்குகளுக்கு இந்தக் கட்டுப்பாடு அப்படியே பொருந்தாது என்பதால் பதினொன்று அல்லது அதற்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து: உதகை, குன்னூர்ப் பேருந்துகள் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும். காந்திபுரத்துக்குப் போய் நிற்காதீர்கள். இரவில் பேருந்துகள் குறைந்துவிடும் என்பதால், போகும்போதே அங்குள்ள நேரக்காப்பாளரிடம் அன்றைய கடைசி வண்டியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் உள்ள நேரம் பெரும்பாலும் பழையது. இருசக்கர வாகனத்தில் இரவோடு இரவாக மேலேறுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. கல்லாறு, பர்லியார் பக்கமும் கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனைப் பக்கமும் யானைகள் சாலையைக் கடக்கும் இடங்கள். போதாக்குறைக்கு, மூன்று மணி நேர இரைச்சலுக்குப் பிறகு காதும் கவனமும் மந்தமாகத்தான் இருக்கும்.

பெங்களூரிலிருந்து: வரைபடத்தில் மைசூரு வழியே குறுகியதாகத் தெரியும். ஆனால் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை நடைமுறையில் உள்ளது. சத்தியமங்கலம் வழியாக வரலாம் என்று சிலர் புத்திசாலித்தனமாகத் திட்டமிடுகிறார்கள். திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. எனவே ஓசூர், சேலம், அவிநாசி வழியாகக் கோவை வரும் இரவுப் பேருந்தில் ஏறித் தூங்கி, காலையில் மேட்டுப்பாளையம் வழியாக மேலேறுவதுதான் நம்பகமான வழி. தூரம் கூடுதல்தான், ஆனால் வாயில் எதுவும் உங்களுக்காக மூடப்படாது.

சென்னையிலிருந்து: போவதற்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸைவிடச் சிறந்தது இல்லை. திரும்புவதற்கு அது உதவாது, ஏனென்றால் சென்னை சென்ட்ரலிலிருந்து அது இரவு ஒன்பது மணியளவில் கிளம்பிவிடும். நீங்கள் பார்க்க வந்த குழு அப்போதுதான் மேடையில் கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும். ஒரு இரவு தங்கி, காலை ஆறு மணியளவில் புறப்படும் கோவை எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள். இரவே கிளம்ப வேண்டுமென்றால், வெளியூர்ப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன என்பதையும் அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பருவத்தையும் பாருங்கள். திறந்தவெளி நிகழ்ச்சிகள் அதிகம் நடப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிவதும் இதே காலத்தின் முற்பகுதியில்தான். கோத்தகிரி வழியை மாற்றாக எப்போதும் மனதில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஒருவழிப் பாதை ஏற்பாட்டால் பேருந்து செல்லும் தடமே மாறலாம். சமவெளி நண்பர்கள் தங்கள் காரில் உங்களைக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னால், 2024 மே முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 கொண்ட வண்டிகளையே ஓட்டிப் பழகிய நமக்கு அது நினைவுக்கு வருவதில்லை.

இவ்வளவையும் எழுதிப் பார்த்த பிறகு நிகழ்ச்சி வேண்டாம் என்று தோன்றினால், அதுவும் சரியான முடிவே.

7. இப்போது டிக்கெட்

முன்கூட்டியே வாங்குவது மலிவு. சிறு நிகழ்ச்சிகளில் முன்பதிவு குறைவாக இருந்தால் நடத்துபவர்கள் நிகழ்ச்சியையே ரத்து செய்துவிடுவதால், உங்கள் முன்பதிவு அந்த மாலை நடப்பதற்கே ஒரு காரணமாகலாம். நுழைவுக் கட்டணம் ‘கவர் சார்ஜ்’ என்று இருந்தால், அந்தத் தொகையை உணவில் கழித்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். டிக்கெட்டின் படத்தைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். வாசலில் சிக்னல் கிடைக்காது.

8. எங்கே நிற்பது, காதை எப்படிக் காப்பது

முதல் வரிசையில் நிற்பதே உண்மையான ரசிகருக்கு அழகு என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே குரல் கேட்பதில்லை. குரல் இருபுறமும் உள்ள பெரிய ஒலிபெருக்கிகள் வழியாகக் கூட்டத்தை நோக்கி வருகிறது. மேடைக்கு நேர் கீழே நிற்பவருக்கு டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் மட்டும் நேரடியாக முகத்தில் அறையும். சுவரோரமும் மூலையும் அதைவிட மோசம், ஏனென்றால் தாழ்சுருதி அங்கே தேங்கிக் குழம்புகிறது. ஒலிப் பொறியாளரின் மேசைக்குச் சற்று முன்னால், நடுவில் நில்லுங்கள். அவர் தம் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் கலக்கிறார். அந்தக் காதுக்கு அருகில் உங்கள் காதையும் வைத்துவிட்டால் போதும்.

மெட்டல் நிகழ்ச்சியில் ஒலி 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நயோஷின் வரையறைப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்கிட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிடமே வருகிறது. பஞ்சு வைத்துக்கொள்வது ஏறக்குறைய எதையும் தடுக்காது. நுரை அடைப்பானை விரல்களால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காது மடலை மேல்நோக்கி இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரலே உங்களுக்குப் பானைக்குள் பேசுவதுபோல் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. நுரை உயர்சுருதியை அதிகம் மழுக்கும். தொடர்ந்து போகப்போவது உறுதியானால் இசைக்கென்றே செய்யப்பட்ட அடைப்பான் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

நம்மவர்களுக்கு இன்னொன்று. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும். கொட்டாவி விட்டோ எச்சில் விழுங்கியோ அதைத் திறந்துகொண்ட பிறகே அரங்குக்குள் போங்கள். கடும் சளி பிடித்திருக்கும் நாளில் போகாமல் இருப்பதே நல்லது.

9. பிட்டுக்குள் இறங்குவதானால்

மேடைக்கு முன் ரசிகர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு ஆடும் மோஷ் பிட் சண்டையாகத் தெரியும், ஆனால் அதற்கு உறுதியான விதிகள் உண்டு. யாராவது விழுந்தால் அருகிலிருப்பவர்கள் உடனே கைதூக்கி நின்று அவரை எழுப்ப வேண்டும். முழங்கையை உயர்த்தக் கூடாது. ஓரத்தில் நிற்பவரை உள்ளே இழுக்கக் கூடாது. பெண்களிடம் அத்துமீறுபவரை வெளியேற்றுவது காவலாளியின் வேலை மட்டுமன்று, சுற்றி நிற்பவர்களின் வேலையும்தான்.

கட்டும் காலணி அணியுங்கள், கண்ணாடியைக் கழற்றிப் பையில் வையுங்கள், ஒரு பாடலை ஓரத்தில் நின்று பார்த்த பிறகு இறங்குங்கள். மாற்றுச் சட்டையும் ஸ்வெட்டரும் பையில் இல்லாமல் மட்டும் போகாதீர்கள். வேர்த்து நனைந்த சட்டையோடு விடியற்காலையில் குன்னூரில் இறங்கினால் அடுத்த ஒரு வாரம் கஷாயம்தான்.

10. விற்பனை மேசைக்குப் போங்கள்

கதவருகே ஒரு மேசையில் டீ-ஷர்ட்டும் சி.டி.யும் விற்கப்படும். அநேகமாக விற்பவரே சற்று முன்பு பாஸ் வாசித்தவராக இருப்பார். அங்கே கொடுக்கும் பணம் இடைத்தரகரின்றி அவர்களுக்குப் போகிறது. உங்கள் அளவு தீர்ந்துவிடும் என்பதால் முதல் குழு முடிந்தவுடனேயே வாங்கிவிடுங்கள். கையில் பணம் இல்லையென்றால் பேண்ட்கேம்பில் பிறகு வாங்கலாம். 2020-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி நாள்களில் அந்தத் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்வதில்லை. மற்ற நாள்களில் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு எடுக்கும்.

11. திரும்பிய பிறகு குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

காதில் ரீங்காரம் ஓரிரு நாள் கழித்தும் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குறிப்பேட்டில் அரங்கின் பெயர், போஸ்டரில் இருந்த நேரம், ஒவ்வொரு குழுவும் மேடையேறிய நேரம், நிகழ்ச்சி முடிந்த நேரம், நீங்கள் பிடித்த பேருந்து, உங்களுக்குப் பிடித்த தொடக்கக் குழுவின் பெயர் ஆகியவற்றை மறக்கும் முன் எழுதிவிடுங்கள். ஒவ்வோர் அரங்கும் தாமதிப்பதில் தனக்கென ஒரு பழக்கம் வைத்திருக்கிறது. ஒன்று எப்போதும் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும், இன்னொன்று சொன்ன நிமிடத்தில் தொடங்கும். சில பக்கங்கள் நிறைந்தபின் ஆறாவது படியில் முடியும் நேரத்தை ஊகிக்க வேண்டியிருக்காது, பக்கத்தைப் புரட்டிப் பார்த்து எழுதிவிடலாம்.